சமூகக் கல்லூரியில் சேர்ந்தாயிற்று... அடுத்து?



எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்த வாரங்களில் நம் முன்னாள் மாணவர்களின் பெற்றோர் சிலர் தமிழ்ப்பள்ளியைத் தேடி வருவது வழக்கம். பிள்ளை நம்மை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். எனினும், மனம் விட்டுப் பேசுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஆசிரியர் நாம்தாம். அவ்வாறு வருகின்றவர்களின் வாயிலிருந்து தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. “முதல்ல எங்கயாவது சேரட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்.”

இந்த வாக்கியத்தை மறுப்பதற்காகவே இதனை எழுதுகிறேன். ‘அப்புறம்’ பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதில்லை. சமூகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் வரை செல்வதற்கு நம் நாட்டில் வழி இருக்கிறது. ஆனால், அவ்வழி தானாக நம்மை மேலே ஏற்றிச் செல்லும் மின்படிக்கட்டு அன்று. சேரும் நாளிலேயே முடிவிடத்தைத் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருபவர்களுக்கே அது பயன்படுகிறது.

முதலில் சமூகக் கல்லூரியைப் பற்றி ஒரு சொல். நம்மவர்களில் பலர் அதனைத் தாழ்வாக எண்ணுகின்றனர். உறவினர் கேட்டால் பெயரைச் சொல்லக் கூசுகின்றனர். இஃது எனக்கு வருத்தமளிக்கிறது. 2001-ஆம் ஆண்டில் இக்கல்லூரிகள் நாட்டில் தொடங்கப்பட்டபோது, எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெறாதவர்களுக்கும் ஒரு கைத்தொழிலும் ஒரு சான்றிதழும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது. பேராக்கில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கிரிக், பாசிர் சாலாக், கோலகங்சார் மாவட்டத்துச் செண்டரோ ஆகிய இடங்களில் இவை உள்ளன. இவற்றுள் சுங்கை சிப்புட்டும் தெலுக் இந்தானும் நம்மவர் நிறைந்த பழைய தோட்டப்புறங்களை அடுத்தவை. கட்டணமோ ஒரு பருவத்துக்குச் சில நூறு வெள்ளிதான். செம்பனையாக மாறிப்போன பால்மரத் தோட்டங்களிலிருந்து வெளியேறி, ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்திற்கு இதைவிட அருகில், இதைவிட மலிவாகக் கிடைக்கும் கல்விக்கூடம் வேறு எது?

ஆயினும், எல்லாரும் அங்குதான் செல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் பெற்று, மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சியும் பெற்ற பிள்ளை, பாடத் தேவைகள் பொருந்தினால் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அப்பிள்ளை சான்றிதழ் படிப்பில் சேர்ந்தால் வாழ்நாளில் இரண்டு ஆண்டுகளை வீணாகக் கொடுத்ததாகிவிடும். ஈப்போவிலேயே 1969-இல் தோன்றிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது. பெஹ்ராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. தேர்வெழுதுவதில் ஊக்கமும் இன்னும் கூடுதலான கிரெடிட்டும் உள்ள பிள்ளைக்கு ஆறாம் படிவமே மிகக் குறுகிய, மிக மலிவான வழி. எஸ்.டி.பி.எம். கடினம் என்று அஞ்சி அதனைத் தவிர்க்கும் போக்கு நம்மிடையே மிகுந்துவிட்டது. ஒன்றரை ஆண்டுக் கடின உழைப்புக்கு அஞ்சி, ஐந்தாண்டுச் சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுப்பதை எப்படித்தான் கணக்கிடுகிறார்களோ!

அந்தச் சுற்றுப்பாதையின் கணக்கைப் பார்ப்போம். சமூகக் கல்லூரிச் சான்றிதழ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அதன் பின்னர்ப் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள். அதன் பின்னர்ப் பட்டப்படிப்பு மூன்று முதல் நான்கு ஆண்டுகள். பதினெட்டு வயதில் தொடங்கும் பிள்ளை, இடையில் ஒரு நாளும் நில்லாமல் நடந்தாலும், பட்டம் பெறும்போது இருபத்தாறு இருபத்தேழு வயதாகியிருக்கும். இந்தக் கணக்கை எந்தப் பெற்றோரிடமும் சேர்க்கையின்போது யாரும் எடுத்துரைப்பதில்லை. இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இதில் ஓராண்டையேனும், சில வேளைகளில் அதற்கு மேலும் குறைப்பதற்கு வழி இருக்கிறது. அதன் பெயர்தான் கிரெடிட் மாற்றம்.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள் உள்ளன. சமூகக் கல்லூரிச் சான்றிதழ் மூன்றாம் நிலை. டிப்ளோமா நான்காம் நிலை. இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. மூன்றாம் நிலைச் சான்றிதழைக் குறைந்தது 2.00 சி.ஜி.பி.ஏ.யுடன் முடித்தவர் டிப்ளோமாவுக்கும், டிப்ளோமாவை அவ்வாறே முடித்தவர் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம் என்பது பொதுவான அடிப்படை. போட்டி மிகுந்த துறைகளில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். ஆகவே, 2.00 என்பது கதவின் வாசற்படி மட்டுமே. அதனை இலக்காக வைத்துப் படிக்கும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

கீழ் நிலையில் படித்த பாடத்தை மேல் நிலையில் மறுபடியும் படிக்காமல் விலக்குப் பெறுவதே கிரெடிட் மாற்றம். இதற்கு மூன்று முக்கிய விதிகள் உண்டு. அந்தப் பாடத்தில் குறைந்தது ‘சி’ நிலை பெற்றிருக்க வேண்டும். பழைய பாடத்தின் உள்ளடக்கம் புதிய பாடத்தோடு 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும். இவ்வாறு கீழிருந்து மேலே கொண்டுசெல்லும் கிரெடிட், புதிய படிப்பின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஒரு பட்டப்படிப்புக்குக் குறைந்தது 120 கிரெடிட் என்று கொண்டால், 36 கிரெடிட் வரை கழியலாம். அஃது ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு! ஓராண்டுக் கட்டணம், ஓராண்டு விடுதி வாடகை, ஓராண்டுச் சோறு. தோட்டத்து வருமானத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு இந்த ஓராண்டு என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், இறுதி முடிவு எடுப்பது நாம் சென்று சேரும் பல்கலைக்கழகமே. நாம் விட்டு வந்த கல்லூரி அன்று. 80 விழுக்காடு ஒத்திருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பது பாடத்தின் பெயரை வைத்தன்று, பாடத்திட்டக் குறிப்பை வைத்துத்தான். எந்த வாரம் எந்தத் தலைப்பு, எத்தனை மணி நேரம், என்ன நூல், எவ்வகை மதிப்பீடு என்ற விவரங்கள் அடங்கிய அந்தத் தாள் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மாணவர் கையில் கொடுக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் அதனை என்ன செய்கிறார்கள்? மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, பருவம் முடிந்ததும் புத்தகத்தோடு எறிந்துவிடுகிறார்கள். மூன்றாண்டுகள் கழித்து அதனைத் தேடி, பாடத்திட்டமே மாறிவிட்ட ஒரு துறை அலுவலகத்தின் முன் நிற்கிறார்கள். ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரத்தை வைக்கின்ற அதே அலமாரியில் வையுங்கள். இந்தக் கோப்புக்குச் செலவு ஐந்து வெள்ளி கூட ஆகாது.

இதைவிடப் பெரிய இழப்பு துறை மாற்றத்தால் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் மின்னியல் சான்றிதழை நல்ல நிலையில் முடித்தான். பிறகு, நண்பன் சேர்ந்தான் என்பதற்காக வணிகத் துறை டிப்ளோமாவில் சேர்ந்தான். ஆங்கிலம் போன்ற ஓரிரு பொதுப் பாடங்களைத் தவிர அவன் இரண்டாண்டுகள் படித்த எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. அவன் சோம்பேறியல்லன், அறிவுக் குறைவும் இல்லை. சான்றிதழ், டிப்ளோமா, பட்டம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட வேண்டியவை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

இன்னுமொரு குழி, பொறியியல் ஆசை கொண்ட பிள்ளைகளுக்கானது. பாலிடெக்னிக் டிப்ளோமாவை முடித்தவர்கள் பலர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பைச் சேர்ந்த நான்கு பல்கலைக்கழகங்களை நாடுகின்றனர்: ஜொகூரில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பகாங்கில் அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம், பெர்லிஸ் பல்கலைக்கழகம். நல்ல இடங்கள்தாம். ஆனால், அங்கே ‘பொறியியல்’ பட்டமும் உண்டு, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ என்ற பட்டமும் உண்டு. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. முன்னது உரிய அங்கீகாரம் பெற்றதாயின், 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின் கீழுள்ள வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ள இடம் தரும். பின்னது பெரும்பாலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தை நோக்கிச் செல்வது. இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நின்று வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்குப் பின்னதே பொருந்தும். ஆனால், தன் மகன் ‘இஞ்சினியர்’ ஆகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் தந்தைக்கும், அந்த மகனுக்கும் இந்த வேறுபாடு பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகா தெரிய வேண்டும்?

மேற்சொன்ன நான்கில் ஒன்றும் பேராக்கில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பெண்பிள்ளையை ஜொகூர்வரை அனுப்ப வேண்டுமா என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் எழுகிறது. அந்தப் பேச்சை டிப்ளோமா முடிந்த பிறகு தொடங்கினால் முடிவு என்னவாக இருக்கும் என்று நம் எல்லார்க்கும் தெரியும். அதனை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டால், அம்மாவின் மனமும் மெல்ல மெல்லப் பழகிவிடும். மாநிலத்துக்குள்ளேயே வேண்டுமென்றால், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் 2007 முதல் இயங்குகிறது. பின்னது தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் வேறு. எது எப்படியாயினும், அங்குள்ள துறைகளைப் பார்த்துத்தான் டிப்ளோமாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிப்ளோமாவை முடித்துவிட்டுத் துறையைத் தேடக்கூடாது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மூயெட் எனப்படும் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வும் தேவை. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கும் அதில் சோதிக்கப்படுகின்றன. டிப்ளோமா மாணவர் பலர் இதனை இறுதிப் பருவம் வரை மறந்திருக்கிறார்கள். பதிவு நாள் கடந்துவிட்டால், மற்றெல்லாம் கையிலிருந்தும் ஓர் ஆண்டு போய்விடும். டிப்ளோமாவின் நடுப்பகுதியிலேயே எழுதிவிட்டால், முடிவு குறைவாயிருப்பின் மறுமுறை எழுதவும் நேரம் இருக்கும்.

இப்போது நான் மிகவும் அஞ்சுகின்ற இடத்துக்கு வருகிறேன். அது இடைவெளி. சான்றிதழ் முடிந்து டிப்ளோமா அழைப்பு வருவதற்கும், டிப்ளோமா முடிந்து யு.பி.யு. முடிவு வருவதற்கும் இடையில் சில மாதங்கள் சும்மா இருக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் பையன் ஒரு தொழிற்சாலைக்குச் செல்கிறான், அல்லது சிங்கப்பூருக்கு. முதல் சம்பளத்தில் மோட்டார்சைக்கிளுக்கு முன்பணம் கட்டுகிறான். மாதத் தவணை தொடங்குகிறது. அழைப்புக் கடிதம் வரும்போது அவனிடம் கடன் இருக்கிறது, படிப்பதற்கு மனமில்லை. நான் பார்த்த வரையில், நம் பிள்ளைகள் பாடத்தில் தோல்வியுற்று நின்றதைவிட, இந்தத் தவணையில் நின்றதே மிகுதி. இடைவெளியில் வேலை செய்யட்டும், தவறில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் எந்தத் தவணையிலும் கையெழுத்திட வேண்டாம் என்று மட்டும் வீட்டில் உறுதியாகச் சொல்லுங்கள்.

முன்கூட்டித் திட்டமிடுவது நம்மவர்க்கு வராது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதனை ஏற்பதில்லை. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று கேட்டபோது, அன்றாடக் கூலியில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியவர்கள் பெரட்டுக்கு விடியற்காலையில் நின்ற நம் பாட்டன் பாட்டிமார்தாம். அவர்களிடம் இல்லாதிருந்தது எழுத்தறிவு, திட்டம் இருந்தது.

இடைவெளியைக் கண்டு அஞ்சி, உடனே இடம் தருகிறோம் என்று வரும் தனியார் கல்லூரிகளில் கையெழுத்திடுபவர்களும் உண்டு. எல்லாத் தனியார் கல்லூரிகளும் தீயன அல்ல. ஆனால், கையெழுத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேடு இணையத்தில் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. அக்கல்லூரியின் பெயரை மட்டுமல்ல, அந்தப் படிப்பின் பெயரையே அதில் தேடுங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்று பாருங்கள். பதிவேட்டில் இல்லாத படிப்பின் கிரெடிட்டை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு செல்ல முடியாது, பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. டிப்ளோமாவுக்கு அக்கடனைப் பெற்றவர்கள், பட்டப்படிப்பில் தொடரும்போது திருப்பிச் செலுத்துவதை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பில் முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறுகின்றவர்கள் அப்பட்டத்துக்கான கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம் என்பதையும் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள்.

பிற நாடுகளைப் பார்த்தால் நமக்கு என்ன குறை என்பது விளங்கும். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்தவர், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேர்க்கப்படுகிறார். பாடம் பாடமாக மன்றாட வேண்டியதில்லை; ஓராண்டு முழுமையாகக் கழிகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் சமூகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதை அமைப்பின் ஓர் உறுப்பாகவே வைத்தது. எந்தச் சமூகக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை அங்கே பொது இணையத்தளம் ஒன்றில் முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ளலாம். இங்கோ, மாணவர் சேர்ந்த பிறகு விண்ணப்பித்து, அதன் பிறகே எத்தனை கிரெடிட் கழிந்தது என்று அறிந்துகொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. சமூகக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஆகிய மூன்றும் ஒரே உயர்கல்வி அமைச்சின் கீழ்தானே உள்ளன? அத்தகைய ஒரு பொதுப் பட்டியலை வெளியிடுவது அவ்வமைச்சுக்கு இயலாத செயலா? நம் இயக்கங்கள் மேடைதோறும் எழுப்பும் கோரிக்கைகளில் இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். செலவில்லாத கோரிக்கை இது.

“எல்லார்க்கும் பட்டம் வேண்டுமா? கைத்தொழில் போதாதா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதும், பலர்க்கு அதுவே நல்லது. நன்கு உலோகம் ஒட்டத் தெரிந்தவரும், குளிர்சாதனம் பழுதுபார்ப்பவரும், ரொட்டி அடுமனை நடத்துபவரும் என் மாணவர்களிடையே இருக்கிறார்கள். சிலர் என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். என் கவலை அவர்களைப் பற்றியதன்று. மேலே செல்ல விரும்பியும், ஒரு தாள் இல்லாமல், ஒரு தேதி தெரியாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றியது. நிற்பதானால், பிள்ளை தன் விருப்பத்தால் நிற்கட்டும்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறாம் ஆண்டோடு நம் கடமை முடிந்தது என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்போம்? யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. முன்பு அத்தேர்வுக்காக மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, பயிற்சி முகாம் என்று நாம் கொட்டிய நேரத்தில் ஒரு மாலையை மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, நம் முன்னாள் மாணவர்களுக்காக ஒதுக்கலாமே? பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, மண்டபமும் நாற்காலிகளும் இருக்கின்றன. அருகிலுள்ள பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மாணவர் இருவரையும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவரையும் அழைத்துப் பேச வைத்தால் போதும். அதிகாரிகளின் உரையைவிட ஓர் அண்ணன், ஓர் அக்காள் தன் மதிப்பெண் பட்டியலைக் காட்டிப் பேசுவது பிள்ளைகளின் மனத்தில் பதியும்.

ஏற்கனவே நின்றுவிட்டவர்கள், வேலையில் சேர்ந்து ஆண்டுகள் பல ஆனவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். அவர்களுக்கு ‘ஏப்பல்’ எனப்படும் முன்னனுபவக் கல்வி மதிப்பீடு இருக்கிறது. இருபத்தொரு வயதைக் கடந்து, துறைசார்ந்த பணி அனுபவம் உள்ளவர்கள் அதன்வழிப் பட்டப்படிப்பு நுழைவுக்கு முயலலாம். மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். இதற்கும் பழைய சான்றிதழ்கள், முதலாளி கொடுத்த பணிக் கடிதங்கள், பயிற்சிக்குச் சென்ற தாள்கள் எல்லாம் வேண்டும். அவை எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று இன்றிரவே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.